காலம் தவறிய தண்ணீர்



இந்தச் சொற்பொழிவுக்கான அறக்கட்டளையை நிறுவிய அம்மையார் முப்பது ஆண்டுக்கு மேல் இதே கட்டடத்தில் புவியியல் கற்பித்தவர் என்று வரவேற்புரையில் சொன்னார்கள். ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த பணத்தில் ஒரு பகுதியை வங்கியில் போட்டு, அதன் வட்டியில் ஆண்டுக்கொரு சொற்பொழிவு நடக்க வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறார். எந்தக் காரணம் கொண்டும் முதலில் கைவைக்கக் கூடாது என்பது நிபந்தனை. பேச்சாளருக்குப் பயணப்படி, வருகிறவர்களுக்குத் தேநீர், உரையை அச்சிடும் செலவு எல்லாம் வட்டிக்குள் அடங்க வேண்டும். அழைப்புக் கடிதத்தோடு அந்த நிபந்தனைகளின் நகலும் வந்திருந்தது. படித்து முடித்ததுமே இன்று எதைப் பற்றிப் பேசுவது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வட்டிக்கும் மலைக்கும் என்ன உறவு என்பது போகப் போக விளங்கும்.

அதற்கு முன் ஒரு சொல்லைப் பற்றிய சிறு வழக்கு. நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் புல்லின் நுனியில் நிற்பது. 'பனியில் நிற்காதே, சளி பிடிக்கும்' என்று பாட்டி சொல்வாளே, அந்தப் பனி. ஊட்டிக்காரர்களுக்கு உறைபனி தெரியும். தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிட்டுப் போகிற வெள்ளைப் பூச்சு. அதற்கு மேல் நம் மொழிக்கு அனுபவம் இல்லை. அதனால் செய்தித்தாள்களில் எல்லாமே 'பனிப்பாறை' ஆகிவிடுகிறது. கடலில் மிதப்பதும் பனிப்பாறை, மலையில் கிடப்பதும் பனிப்பாறை, சரிந்து விழுந்து ஆளைக் கொல்வதும் பனிப்பாறை. நான் 'பனியாறு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்கிறேன். அது நகர்வது, ஆற்றைப் போலவே தலையும் வாயும் உடையது. மலைக்காரர்களிடம் இந்தக் குழப்பம் கிடையாது. கர்வால் பக்கம் அதற்கு 'பமக்' என்று பெயர். லாஹௌலில் 'ஷிக்ரி'. சோட்டா ஷிக்ரி என்றால் சின்னப் பனியாறு, படா ஷிக்ரி என்றால் பெரியது. நாம் இமயத்தைப் பெயரளவில் நெடுங்காலமாக அறிந்தவர்கள். இமயவரம்பன் என்று பட்டம் சூடியவன் நம் சேரன். அவன் வழிவந்த செங்குட்டுவன் அங்கிருந்து கண்ணகிக்குக் கல் கொண்டுவந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. கல் வந்தது. பனிக்கான சொல் கூடவே வரவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், செப்டம்பர் கடைசியில், நண்பர்கள் நால்வரோடு கங்கோத்ரியிலிருந்து கோமுகத்துக்கு நடந்தேன். 18 கிலோமீட்டர். வழியில் ஓர் இரவு போஜ்பாசாவில் தங்கல். எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் உத்தரகாசிப் பக்கத்து இளைஞர். என் இந்தியும் அவருடைய பொறுமையும் சேர்ந்து உரையாடல் நடந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்கு ஓர் ஓடையைத் தாண்டினோம். ஓடை என்று சொல்வதே அதிகம். கல்லுக்குக் கல் கால் வைத்துத் தாண்டிவிடலாம், காலணி நனையாது. தாண்டியதும் அவர் நின்று, "சாப், திரும்பும்போது இதே இடத்தில் கயிறு வேண்டும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. மழையே இல்லை, வானம் துடைத்துவிட்டது போல இருந்தது.

மாலை மூன்றரைக்குத் திரும்பினோம். காலையில் தாண்டிய கற்களைக் காணோம். தண்ணீர் முழங்காலுக்கு மேல், உறைய வைக்கும் குளிர்ச்சி. அதைவிட என்னைப் பயமுறுத்தியது சத்தம்தான். தண்ணீருக்கு அடியில் கற்கள் ஒன்றோடொன்று மோதி உருளும் சத்தம், மரப்பாலத்தின் மேல் மாட்டு வண்டிகள் வரிசையாகப் போவது போல. அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு முதலில் இறங்கினார். இரவில் மேலே எல்லாம் உறைந்துவிடுகிறது. காலையில் வெயில் பட்டு இளகத் தொடங்கிய நீர் பாறையிடுக்கிலும் பனிக்கடியிலும் வழிதேடி ஓடைக்கு வந்துசேரப் பிற்பகல் ஆகிவிடுகிறது. பனியாற்றுத் தண்ணீருக்கு நேரம் உண்டு என்பதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன், பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லியும் இருந்தேன். அன்று கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு நின்றபோதுதான் அது எனக்குப் புரிந்தது. இன்றைய என் பேச்சு முழுவதும் அந்த நேரத்தைப் பற்றியதுதான்.

கங்கோத்ரி பனியாறு முடிகிற இடமான கோமுகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் கோயில் கருவறையின் வடபுறம் அபிஷேக நீர் வெளிவரும் கோமுகியை நினைத்துக்கொண்டு போனால் ஏமாந்துபோவோம். நாள்காட்டிப் படத்தின் வெண்மையும் அங்கே இல்லை. கல்குவாரிச் சுவர் போலச் சாம்பல் நிறத்தில் ஒரு செங்குத்து. வெடிப்புகளில் மட்டும் கருநீலமாகப் பனிக்கட்டி தெரிகிறது. மேலிருந்து ஓயாமல் கல் விழுகிறது. அடியில் ஒரு குகை வாய், அதிலிருந்து பாகீரதி. அரிசி களைந்த தண்ணீரின் நிறம் அதற்கு. பனியாறு தன் எடையால் பாறையை அரைத்த மாவு அது. இந்த முகப்பு எங்கே இருக்கிறது என்று 1935-இல் இந்திய நிலப்பொதியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஜே. பி. ஆடன் அளந்து வரைபடம் போட்டார். கவிஞர் டபிள்யூ. எச். ஆடனின் அண்ணன். அவர் குறித்த இடத்திலிருந்து முகப்பு இன்றைக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் அளவுக்குப் பின்வாங்கிவிட்டது. சராசரியாக ஆண்டுக்கு 20 மீட்டரை ஒட்டி.

இந்த 20 மீட்டரைப் பத்திரிகைகள் விரும்பும். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். ஏன் என்று சொல்ல, பனியாறு எப்படிப் பிழைக்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

உயரத்தில் விழும் பனி ஓர் ஆண்டில் முழுதும் கரையாமல் மிச்சப்பட்டால், அடுத்த ஆண்டுப் பனி அதன்மேல் விழும். அப்படியே அடுக்கு அடுக்காக. கீழடுக்கில் உள்ள காற்று பிதுங்கி வெளியேற, பஞ்சு போன்றது சர்க்கரைப் பருக்கையாகி, பிறகு கட்டியாக இறுகுகிறது. கனம் கூடியதும் சரிவில் தானாக நகரத் தொடங்குகிறது. மேற்பாதி சம்பாதிக்கும் இடம், கீழ்ப்பாதி செலவழிக்கும் இடம். வரவும் செலவும் சமமாகும் ஓர் உயரக்கோடு நடுவில் இருக்கும். வெப்பம் கூடினால் அந்தக் கோடு மலையில் மேலேறுகிறது. சம்பாதிக்கும் இடம் சுருங்கி, செலவழிக்கும் இடம் நீள்கிறது.

ஆல்ப்ஸ் மலையில் வரவு குளிர்காலத்தில், செலவு கோடையில். நடு இமயத்திலும் கிழக்கு இமயத்திலும் கதை வேறு. அங்கே பனி பெரும்பாலும் தென்மேற்குப் பருவக்காற்றோடு வருகிறது. ஜூலை, ஆகஸ்டில் ஒரே பருவத்தில் மேலே வரவு, கீழே செலவு. வெப்பநிலை சற்றே கூடினாலும் பனியாக விழ வேண்டியது மழையாக விழுகிறது. வரவு போயிற்று. அது மட்டுமா? புதிதாக விழுந்த பனி வெயிலில் ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். அந்த வெள்ளைப் போர்வை இல்லாதபோது அடியில் உள்ள பழைய அழுக்குப் பனிக்கட்டி வெயிலில் பாதிக்கு மேல் குடிக்கிறது. சமவெளியின் விறகடுப்பும் டீசல் புகையும் வயலில் எரிக்கும் தாளும் அனுப்புகிற கரித்தூள் அதன் மேல் படிகிறது. கருப்பு வேட்டியைப் போர்த்திக்கொண்டு வெயிலில் நிற்பது போலத்தான்.

தூசி மெல்லியதாகப் படிந்தால் உருகல் கூடும். ஆனால் கல்லும் மண்ணும் கனமாக மூடிவிட்டால் உருகல் குறையும். மீன் சந்தையில் ஐஸ் பாரை மரத்தூளில் புதைத்துச் சாக்கால் மூடி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். கங்கோத்ரி பனியாற்றின் கீழ்ப்பகுதி அப்படித்தான் கல்போர்வைக்குள் கிடக்கிறது. இப்படிப்பட்ட பனியாறு முகப்பை அதிகம் பின்வாங்காமலேயே நின்ற இடத்தில் மெலியும். நீளத்தை மட்டும் அளப்பவன் ஏமாறுவான். ஆளின் உயரத்தை அளந்து உடல்நலம் சொல்ல முடியுமா? எடையைப் பார்க்க வேண்டும். அதை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

இன்னும் ஒரு கணக்கு, மாணவர்களுக்காக. பூச்சியம் டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ பனிக்கட்டியைப் பூச்சியம் டிகிரித் தண்ணீராக்க எவ்வளவு வெப்பம் தேவையோ, அதே வெப்பத்தில் அந்தத் தண்ணீரை 80 டிகிரி வரைக்கும் சூடேற்றிவிடலாம். ரசம் நுரை கட்டுகிற பதம் என்று வையுங்கள். அத்தனை வெப்பத்தை விழுங்கிய பிறகுதான் பனிக்கட்டி இளகும். மலைக்கு இப்போது வந்து சேரும் வெப்பத்தில் எவ்வளவோ இப்படி ஓசையில்லாமல் விழுங்கப்படுகிறது. உலகின் பனியாறுகள் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 267 பில்லியன் டன் எடையை இழந்தன என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இனி வட்டிக்கு வருவோம்.

பனியாறு தண்ணீரைப் படைப்பதில்லை. வானம் கொடுத்ததை வாங்கி வைத்து, வேறொரு நேரத்தில் கொடுக்கிறது. மழை பொய்த்த ஆண்டில், வானம் தெளிந்து வெயில் எரிக்கும்போது, அது கூடுதலாகக் கொடுக்கும். மழை மிகுந்த ஆண்டில் மேகமூட்டத்துக்குள் குறைவாகக் கொடுக்கும். வெப்பம் கூடும்போது முதலில் என்ன நடக்கும்? ஆறு வற்றாது, பெருகும். பல ஆண்டுகள் பெருகும். இந்தக் கல்லூரியின் செயலர் நாளையே அம்மையாரின் நிபந்தனையை மீறி முதலில் கைவைத்தால், அடுத்த சில ஆண்டுகளுக்கு இந்தச் சொற்பொழிவு முன்னெப்போதையும்விடச் சிறப்பாக நடக்கும். தேநீரோடு வடை வரும். பேச்சாளர் விமானத்தில் வருவார். அறக்கட்டளை செழிக்கிறது என்று எல்லோரும் பேசிக்கொள்வார்கள். பிறகு ஓர் ஆண்டில் உச்சம் தொடும். அதற்குப் பின் இறங்குமுகம்தான். நீரியல் அறிஞர்கள் இதை உச்ச நீர் என்கிறார்கள். 2018-இல் மத்தியாஸ் ஹுஸ், ரெகினே ஹாக் இருவரும் பனியாறு பெருமளவில் உள்ள 56 ஆற்றுப் படுகைகளைக் கணக்கிட்டார்கள். ஏறக்குறையப் பாதிப் படுகைகளில் உச்சம் ஏற்கெனவே கடந்துவிட்டது. இமயத்தின் பெரிய ஆறுகளுக்கு அது இந்த நூற்றாண்டின் நடுவிலோ அதற்குப் பிறகோ வரும். அதாவது, இன்று அணையில் தண்ணீர் கூடுதலாக வருவதைக் கண்டு மின் நிலையத்துக்குத் திட்டம் போடுகிற பொறியாளர், ஒருவேளை முதலைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

இங்கே ஒரு மிகையையும் சொல்லிவிட வேண்டும். 'பனி உருகினால் கங்கை வறண்டுவிடும்' என்று மேடைகளில் முழங்குகிறார்கள். பாட்னாவில் ஓடும் கங்கையில் பெரும்பங்கு மழை. அந்த ஆறு மழையால் வாழும். சிந்து வேறு சாதி. அதன் மேற்படுகையில் மழை அரிது, பனியும் பனியாறும்தான் ஆதாரம். ஒரே மலைத்தொடரில் இரண்டு ஆறுகளின் விதி இரண்டு விதம். பொத்தாம்பொதுவாகப் பயமுறுத்துபவர்களுக்கு ஒருமுறை நல்ல அடி விழுந்ததும் நினைவிருக்கும்.

அந்தக் கதை சுவாரசியமானது. காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு 2007-இல் வெளியிட்ட நான்காம் அறிக்கையில், இமயப் பனியாறுகள் 2035-க்குள்ளேயே மறைந்துவிடக்கூடும் என்று ஒரு வரி இருந்தது. அதே ஆண்டில்தான் அந்தக் குழு அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டது. அந்த வரி உலகம் சுற்றியது. 2009 நவம்பரில், நிலப்பொதியியல் துறையில் உயர் பொறுப்பிலிருந்து ஓய்வுபெற்ற வி. கே. ரைனா எழுதிய ஓர் அறிக்கையைச் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் வெளியிட்டார். பனியாறுகள் பின்வாங்குகின்றன, ஆனால் அப்படியொன்றும் அசாதாரண வேகத்தில் இல்லை என்றது அது. குழுவின் தலைவர் பச்சௌரி அதைப் பில்லி சூனிய அறிவியல் என்று ஏளனம் செய்தார். பிறகு நூல் பிடித்துப் போய்ப் பார்த்தால், 2035 என்ற ஆண்டு ஓர் ஆய்வேட்டிலிருந்து வந்ததே இல்லை. தொண்டு நிறுவனம் ஒன்றின் அறிக்கை, அதற்குப் பின்னால் 1999-இல் ஓர் அறிவியல் இதழில் வந்த பேட்டி என்று போகிறது சங்கிலி. 1996-இல் கோட்லியகோவ் என்ற ரஷ்ய அறிஞர் உலகப் பனியாறுகளைப் பற்றி 2350 என்ற ஆண்டைக் குறிப்பிட்டிருந்தார். எண்கள் இடம் மாறிவிட்டன என்று பலர் கருதுகிறார்கள். 2010 ஜனவரியில் குழு வருத்தம் தெரிவித்தது.

ரைனா அந்த வரியை மறுத்தது சரி. அவர் அறிக்கையின் நிதானம் முழுதும் சரியா என்றால், பின்வந்த அளவீடுகள் அவர் பக்கம் நிற்கவில்லை. காட்மாண்டுவில் இயங்கும் ஒருங்கிணைந்த மலை வளர்ச்சிக்கான பன்னாட்டு மையம் 2019-இல் சொன்னது: புவி வெப்பம் 1.5 டிகிரியோடு நின்றாலும் இந்துகுஷ்–இமயத் தொடரின் பனியாறுகளில் மூன்றில் ஒரு பங்கு இந்த நூற்றாண்டு முடிவுக்குள் போய்விடும். அதே மையம் 2023-இல், முந்தைய பத்தாண்டைவிட 2011–2020-இல் இழப்பின் வேகம் 65 சதவீதம் கூடியிருப்பதாகச் சொன்னது. தவறான ஆண்டைச் சொன்னதால் வந்த பெரிய கேடு, சரியான ஆண்டுகளைச் சொன்னபோது பலர் கைகட்டிச் சிரித்துக்கொண்டு நின்றதுதான்.

இந்தக் கணக்குக்கு விலக்கான காரகோரம் பற்றி இரண்டு வரி. அங்கே பல பனியாறுகள் சுருங்காமல் நின்றன, சில முன்னேறவும் செய்தன. கென்னத் ஹெவிட் என்ற ஆய்வாளர் 2005-இல் அதைக் காரகோரப் பிறழ்வு என்றார். மேற்கிலிருந்து வரும் குளிர்காலப் பனி அதற்கு ஒரு காரணம். அண்மைக் கணக்குகளில் அந்த விலக்கும் தளரத் தொடங்கியிருக்கிறது.

நேரம் தவறினால் மனிதருக்கு என்ன ஆகும் என்பதைப் பார்க்க லடாக்குக்குப் போக வேண்டும். லேயில் ஆண்டுக்கு மழையும் பனியும் சேர்த்து 100 மில்லிமீட்டர் அளவுதான். சென்னைக்கு 1,400. அங்கே வாற்கோதுமை விளைவது வாய்க்காலில் வரும் பனியாற்று நீரால். யார் வயலுக்கு எந்த நேரத்தில் மடை திறப்பது என்று பார்க்க ஊரே ஒருவரை நியமிக்கும். அவருக்குச் சுர்ப்போன் என்று பெயர். நம் நீர்க்கட்டி, மடையன் என்றெல்லாம் இருந்தார்களே, அவர்களின் மலையகத்து உறவினர். விதைப்பு ஏப்ரல்–மே மாதத்தில். உயரத்தில் உள்ள பனியாறு இளகி நீர் வந்து சேர ஜூன் நடுவாகிவிடும். குளிர்காலத்தில் ஓடை நீர் யாருக்கும் பயனின்றிச் சிந்துவில் கலக்கிறது. விதைக்கும் மாதத்தில் வாய்க்கால் காய்கிறது. தண்ணீர் இருக்கிறது, வேண்டிய மாதத்தில் இல்லை.

செவாங் நோர்பெல் என்ற அரசுப் பொறியாளர் குளிர்காலத்தில் ஒரு குழாயடியைக் கவனித்தார். குழாய் உறைந்து வெடிக்காமலிருக்க அதைத் திறந்தே விடுவார்கள். வழிந்த நீர் பாப்லர் மர நிழலில் மெல்லப் பரவிய இடத்தில் உறைந்து கிடந்தது; வேகமாக ஓடிய இடத்தில் உறையவில்லை. அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. நவம்பரில் ஓடையைத் திருப்பி, மலை நிழல் விழும் சரிவில், கற்சுவர்களை வரிசையாகக் கட்டி நீரின் வேகத்தைக் குறைத்தார். அடுக்கடுக்காக உறைந்தது. ஊருக்கு அருகில், தாழ்ந்த உயரத்தில் இருப்பதால் அது ஏப்ரலிலேயே இளகிவிடும். 1987-இலிருந்து ஊர் ஊராகக் கட்டினார். 2015-இல் பத்மஸ்ரீ வந்தது. 2013–14 குளிர்காலத்தில் சோனம் வாங்சுக் என்ற லடாக் பொறியாளர் அதையே நிமிர்த்தி வைத்தார். மேலே ஓடையிலிருந்து குழாய் இறக்கினால், உயர வேறுபாட்டின் அழுத்தத்தில், மோட்டார் இல்லாமலே கீழே தண்ணீர் பீறிடும். இரவின் கடுங்குளிரில் அது விழுவதற்குள் உறைந்து கூம்பாக வளரும். கூம்பின் உடலுக்கு வெயில் படும் பரப்பு குறைவு. அந்த முதல் மாதிரி மே நடுவரை தாங்கியது. பார்ப்பதற்குப் புத்த ஸ்தூபி போல இருப்பதால் பனி ஸ்தூபி என்று பெயர்.

இரண்டும் அழகான வேலை. ஆனால் புகழும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவை பனியாற்றுக்கு மாற்று ஆகா. குளிர்காலத்து ஓடையை ஏப்ரலுக்குத் தள்ளிவைக்கிற கருவிகள், அவ்வளவுதான். தள்ளிவைக்க ஓடையில் நீர் இருக்க வேண்டுமே! ஸான்ஸ்காரில் கூமிக் என்று ஒரு பழைய ஊர். அதற்கு மேலிருந்த பனிப்பரப்பு ஆண்டுக்காண்டு சுருங்கி, கோடை முடிவதற்குள்ளேயே ஓடை நின்றுபோனது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊரார் கூடி, கீழே ஆற்றையொட்டிய மார்த்தாங் என்ற பொட்டல்வெளிக்கு ஊரையே மாற்றுவதென்று முடிவெடுத்தார்கள். தங்கள் கையாலேயே வாய்க்கால் வெட்டத் தொடங்கினார்கள். தண்ணீர் வராததால் ஊர் தண்ணீரிடம் போகிறது.

வேண்டிய நேரத்தில் வராதது ஒரு வகை. எல்லாம் ஒரே நேரத்தில் வருவது இன்னொரு வகை. வடக்குச் சிக்கிமில் தெற்கு லோனாக் என்ற பனியாறு பின்வாங்கப் பின்வாங்க, அது முன்பு தள்ளிக் குவித்த மொரைன் என்னும் கல்மண் கரைக்கு உள்ளே ஏரி தேங்கியது. 1970-களில் சிறிய குட்டை, 2023-இல் ஒன்றரைச் சதுர கிலோமீட்டருக்கு மேல். ஆபத்து தெரியாமல் இல்லை. 2016-இல் அந்த 5,200 மீட்டர் உயரத்துக்குப் பிளாஸ்டிக் குழாய்களைச் சுமந்துபோய், சைஃபன் முறையில் ஏரி நீரைக் கொஞ்சம் வடித்தார்கள். அதிலும் வாங்சுக் இருந்தார். 2023 அக்டோபர் 3 இரவு, பக்கவாட்டுக் கரையின் உறைந்த மண் சரிந்து ஏரிக்குள் விழுந்தது. எழுந்த அலை முன்கரையை உடைத்தது. சுமார் 60 கிலோமீட்டர் கீழே சுங்தாங்கில் தீஸ்தா ஆற்றின் 1,200 மெகாவாட் மின்திட்ட அணை அடித்துச் செல்லப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள்.

எல்லா மலை விபத்தையும் இந்தக் கணக்கில் எழுதக் கூடாது. 2021 பிப்ரவரி 7 அன்று உத்தரகாண்டின் சமோலியில் நடந்ததை 'பனிப்பாறை வெடிப்பு' என்று நம் தொலைக்காட்சிகள் நாள் முழுதும் ஓட்டின. வெடிக்க அங்கே ஏரி எதுவும் இல்லை. ரோன்ட்டி சிகரத்தின் பக்கச்சுவர், பாறையும் பனியுமாகச் சேர்ந்து, பெயர்ந்து விழுந்திருந்தது. அதில் பெரும்பங்கு பாறை. விழுந்த வேகத்தின் உராய்வில் பனி உருகிச் சேற்று வெள்ளமாயிற்று. 200 பேருக்கு மேல் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். சுவிட்சர்லாந்தில் 2025 மே 28 அன்று பிர்ச் பனியாறு சரிந்து பிளாட்டன் என்ற கிராமத்தைப் பெரும்பாலும் புதைத்தது. அங்கே அசைவைக் கருவிகள் கண்டுகொண்டதால், சுமார் 300 பேரையும் ஒன்பது நாளுக்கு முன்பே வெளியேற்றியிருந்தார்கள். உயிரிழந்தவர் ஒருவர். மலை எல்லா இடத்திலும் இடியும். சமோலியில் மின்திட்டச் சுரங்கத்துக்குள் வேலை பார்த்தவர்களுக்குச் சில நிமிட எச்சரிக்கைகூடக் கிடைக்கவில்லை என்பதை நான் மலையின் கணக்கில் எழுத மாட்டேன்.

இனி, மலையே எழுதிவைக்கும் கணக்குப் புத்தகம் ஒன்றைப் பார்ப்போம். மானசரோவருக்குத் தெற்கே நைமோனாநீ என்ற மலை. குர்லா மாந்தாதா என்றால் யாத்திரை போனவர்களுக்குத் தெரியும். 2006-இல் லானி தாம்சன் என்ற ஆய்வாளரின் குழுவினர் அங்கே 6,000 மீட்டருக்கு மேல் ஏறிப் பனிக்குள் துளையிட்டு நீண்ட உருளைகளை எடுத்தார்கள். இப்படி எடுத்த பனியில் ஆண்டுகளை அடையாளம் காண ஒரு வசதி உண்டு. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெடித்துப் பார்த்த அணுகுண்டுகளின் கதிரியக்கத் துகள் உலகமெங்கும் பனியில் படிந்திருக்கிறது. உருளையில் அந்த அடுக்கைக் கண்டுபிடித்து, அதிலிருந்து மேலே எண்ணிக்கொண்டே வரலாம். நைமோனாநீயில் தேடினார்கள். 62–63-இன் அடுக்கு இல்லை. 50-களின் அடுக்கும் இல்லை. இடையில் தவறிவிட்டதோ என்று பார்த்தால், அந்த உயரத்திலேயே அவ்வளவு காலத்துப் பனி மிஞ்சவில்லை. சம்பாதிக்கும் இடம் என்று நான் சொன்னேனே, அதுவே செலவழிக்கும் இடமாகிவிட்டிருந்தது. கணக்குப் புத்தகத்தில் கடைசி அரை நூற்றாண்டின் தாள்களைக் காணோம்.

எடை பார்க்கும் விதத்தைக் கடைசியில் சொல்வதாகச் சொன்னேன். இந்தியாவில் 9,575 பனியாறுகள் என்று நிலப்பொதியியல் துறையின் பட்டியல் சொல்கிறது. அவற்றில் ஆண்டு தவறாமல் நேரில் போய் எடை பார்க்கப்பட்டவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் நெடுநாள் கணக்கு உள்ளது லாஹௌலின் சோட்டா ஷிக்ரி, 2002 முதல். கருவி என்ன தெரியுமா? மூங்கில் கம்பு. இரண்டு இரண்டு மீட்டர் துண்டுகளைக் கம்பியால் தொடுத்து, நீராவித் துளைக்கருவியால் பனிக்குள் பத்து மீட்டர் ஆழத்துக்குக் குழி போட்டு இறக்கிவிடுவார்கள். அடுத்த செப்டம்பர் கடைசியில் போய்க் கம்பு எவ்வளவு வெளியே தெரிகிறது என்று நாடாவால் அளப்பார்கள். மேலே, வரவுப் பக்கத்தில், குழி தோண்டிப் புதுப்பனியின் கனத்தையும் அடர்த்தியையும் பார்ப்பார்கள். இரண்டையும் கூட்டிக் கழித்துப் பனியாறு முழுதும் பரப்பினால், சராசரியாக ஆண்டுக்கு அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான தண்ணீர் கணக்கில் நட்டம். செயற்கைக்கோள் படம் எத்தனை கூர்மையானாலும் சரிபார்க்க இந்தக் கம்புதான் சாட்சி.

இந்த வேலைக்குப் போய்வந்த மாணவர் ஒருவர் என்னிடம் சொன்னது இது. கீழ்ப்பகுதியில், கல்போர்வை இல்லாத இடத்தில், சில கம்புகளைத் தேடிப் போனால் அவை நிற்பதில்லையாம். குறிப்பேட்டில் இடம் சரியாக இருக்கும். அங்கே போய்ப் பார்த்தால், முழு நீளமும் வெளியே வந்து, கம்பித் தொடுப்போடு பனிமேல் படுத்துக் கிடக்கும். அந்த ஆண்டுக்கு அந்தக் கம்பின் கணக்கு எழுத முடியாது. 'விழுந்துவிட்டது' என்று மட்டும் குறிப்பார்கள். பிறகு அடுப்பை மூட்டி, நீராவி வரும்வரை கையைத் தேய்த்துக்கொண்டு காத்திருந்து, அதே கம்பை எடுத்து இன்னும் ஆழமாக இறக்கிவிட்டு, பிற்பகல் ஓடை பெருகுவதற்குள் கூடாரத்துக்குத் திரும்புவார்கள்.